‘படம்: இணையம்’ என்று போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். பத்திரிகைகள் படத்துக்குக் கீழே ‘படம்: இணையம்’ என்று போடுவது பற்றி ஒரு வேண்டுகோள், அதற்கு முன் கொஞ்சம் என் கதை.

எட்டு வருடமாக விக்கிப்பீடியாவில் தொகுத்து வருகிறேன். பெரிய கட்டுரையாளன் எல்லாம் இல்லை. எழுத்துப்பிழை திருத்துவது, செத்துப்போன இணைப்புக்கு மாற்று தேடிப் போடுவது, யாராவது விஷமத்துக்கு அழித்துவிட்டுப் போனதைப் பழையபடி மீட்டு வைப்பது, இப்படிக் கூட்டிப் பெருக்குகிற வேலைதான். “சம்பளமா தர்றாங்க?” என்று வீட்டில் கேட்காத நாளில்லை.

முதல் வாரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். சனிக்கோளின் துணைக்கோள்கள் பற்றிய ஒரு அட்டவணையில் இரண்டு எண்கள் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்குமாக இடம் மாறிக் கிடந்தன, சரிசெய்து சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் ஒரு அறிவிப்பு: முகம் தெரியாத ஒரு பயனர் அந்தத் திருத்தத்துக்கு நன்றி தெரிவித்திருக்கிறார். ஒரு சொல்கூட எழுதவில்லை, 2013-இல் வந்த ‘நன்றி’ பொத்தானை அமுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அந்த மாற்றமே கண்ணில் படும். மனுஷன் பார்த்திருக்கிறார்! அன்று இரவு இன்னும் நாலு அட்டவணைகளைத் திறந்து உட்கார்ந்தேன்.

இதைவிடப் பெரிய மரியாதை, பயனர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பதக்கம். அமெரிக்காவில் பழைய தானியக் களஞ்சியக் கட்டடங்களின் சுவரில் பொருத்துவார்களே, அந்த இரும்பு நட்சத்திரத்தின் உருவம்தான் இதற்கு மூலம், 2003 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தேர்வுக் குழு கிடையாது, விண்ணப்பம் கிடையாது, யாரும் யாருடைய பேச்சுப் பக்கத்திலும் (பயனருக்குச் செய்தி எழுதி வைக்கும் பக்கம்) கொண்டுபோய் ஒட்டலாம். வெறும் படம்தானே என்று தோன்றும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் மிக அதிகமாகப் பங்களிக்கும் 1 விழுக்காட்டினரில் 200 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் பதக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த 90 நாட்களில் அவர்களுடைய உழைப்பு மற்ற பாதியைவிட 60 விழுக்காடு கூடியிருந்தது. அப்புறம் அதே ஆய்வாளர்கள் குறைவாகப் பங்களிப்பவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தபோது அந்த வேகம் வரவில்லை. ஆனால் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் சுமார் 4,000 புதியவர்களை வைத்துச் செய்த சோதனையில், பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து தங்குவது 20 விழுக்காடு கூடியது. முரணாகத் தெரிகிறது இல்லையா? எனக்குப் படுவது இதுதான்: ராப்பகலாக உழைப்பவரும் சரி, நேற்று வந்தவரும் சரி, நாம் செய்வதை யாராவது பார்க்கிறார்களா என்ற கேள்வியோடுதான் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள் எப்போதாவது வந்து போகிறவர்கள், அவர்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை.

அதற்காக எல்லாப் பாராட்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். “சிறப்பான பணி, தொடருங்கள்” என்று ஒரே வாசகத்தைப் பத்துப் பேர் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள், வாங்கினவருக்கும் மனதில் நிற்காது, கொடுத்தவருக்கும் நினைவிருக்காது. எனக்கு வந்த பதக்கங்களில் ஒன்றைத்தான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். “எரிமலைக் கட்டுரையில் செத்துக் கிடந்த மூன்று மேற்கோள்களையும் காப்பகத்தில் தேடிப் பிடித்தீர்களே, அதற்கு” என்று இருக்கும். காப்பகம் என்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் தளம். அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது, அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

எண்ணிக்கைக்குப் பரிசு என்று வந்துவிட்டால் கதையே வேறு. ஒரு பத்தியைப் பத்துத் தடவையாகச் சேமித்துத் தொகுப்புக் கணக்கை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் (ஆரம்பத்தில் நானும் கொஞ்சம் செய்திருக்கிறேன், மறைப்பானேன்). கட்டுரைப் போட்டி ஒன்று முடிந்ததும் இயந்திர மொழிபெயர்ப்பில் கொட்டிய பக்கங்களைச் சீராக்க நாங்கள் மூன்று பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்தோம். பரிசு கொட்டினவர்களுக்கு.

சரி, பத்திரிகைக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்களுக்குள் நாங்கள் தட்டிக்கொடுத்துக் கொள்வது ஒரு பக்கம், எங்கள் வேலையை அன்றாடம் எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. பறவை, பூச்சி, கோள், கருவி என்று எதைப் பற்றிச் செய்தி வந்தாலும் விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து (எங்களைப் போன்ற பயனர்கள் படங்களை ஏற்றி வைக்கும் பொதுக் கிடங்கு) படத்தை எடுத்துப் போட்டு, கீழே ‘படம்: இணையம்’ என்று முடித்துவிடுகிறார்கள். இணையம் எப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு போனது? அங்குள்ள பெரும்பாலான படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை, காசு கேட்பதில்லை, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் நிபந்தனை. அந்த இரண்டும் படத்தின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, பார்த்து எழுத அரை நிமிடம் ஆகாது. உங்கள் நாளிதழிலாவது இனி அப்படிப் போடுங்கள்.

என்னோடு தொகுக்கும் நண்பர் ஒருவர் விடியற்காலையில் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து எடுத்த மீன்கொத்திப் படம் ஒரு பத்திரிகையில் வந்தது, வழக்கம்போல இணையத்தின் பெயரில். சண்டைக்குப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, ‘இணையம்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு விக்கிப் பயனர்