கர்ணன் சொல்லாமல் விட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். திரௌபதி அம்மன் திருவிழா நேற்று தீமிதியோடு முடிந்தது. முந்தின இரவு கூத்தில் கர்ண மோட்சம். விடிய விடிய உட்கார இப்போது முதுகு விடுவதில்லை. ஆனாலும் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டத்துக்காக இருந்துவிட்டேன். சின்ன வயதில் அந்த இடம் வருவதற்குள் நீ என் துண்டை விரித்துத் தூங்கிப்போவாய்.

செஞ்சோற்றுக் கடன் கர்ணனைக் கொன்றுவிட்டது என்று போன மாதம் போனில் சொன்னாய். ஊரே சொல்வதுதான், நானும் சொல்லியிருக்கிறேன். நேற்றுக் காலை, பீமன் துரியோதனனை வீழ்த்துவதை நடித்துக் காட்டும் படுகளத்தில் நின்றபோது வேறு மாதிரி தோன்றியது. அந்த நட்பு துரியோதனனையும் அல்லவா கொன்றது?

குருகுலத்துப் பிள்ளைகள் வித்தை காட்டிய அன்று அங்க நாட்டைக் கொடுத்தவன், பதிலுக்கு நட்பை மட்டும்தான் கேட்டான். அன்றோடு அவனுக்கு அர்ச்சுனன் பயம் விட்டுப்போயிற்று. ஊசிமுனை நிலம்கூடக் கிடையாது என்று பின்னால் சபையில் சொன்னானே, அது யார் வில்லை நம்பி? பீஷ்மரும் துரோணரும் மனதளவில் எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியும்.

அப்புறம், என்னைக் குடைகிற இடம் ஒன்று இருக்கிறது. தூது வந்த கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறான். அப்போது கர்ணன் என்ன சொல்கிறான் தெரியுமா? வியாச பாரதத்தில் இருக்கிறது. இந்தப் போர் ஒரு வேள்வி, வெற்றி தருமனுக்குத்தான், அவன் தம்பிகளோடு ஆயிரங்கால் மாளிகையில் ஏறுவதைக் கனவிலேயே பார்த்தேன் என்கிறான். இவ்வளவும் கண்ணனிடம். துரியோதனனிடம் போய், 'நண்பா, நாம் தோற்கப் போகிறோம்' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவனுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

இன்னொன்று. அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்லமாட்டேன் என்று குந்திக்கு வாக்குக் கொடுத்தான். 14ஆம் நாள் பீமன் ஆயுதமில்லாமல் கையில் சிக்கினான். வில் நுனியால் குத்தி, ஏசி, விட்டுவிட்டான். 18ஆம் நாள் துரியோதனன் தொடையைப் பிளந்தது அதே பீமன்.

இங்கே அறுபது அடி மண் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். பீமன் வேஷக்காரருக்குக் காய்ச்சல், கதையைத் தூக்கவே தடுமாறினார். ஒருவழியாகத் தொடையில் அடி விழுந்து சிவப்புத் தண்ணீர் தெறித்ததும் பெண்கள் மண் அள்ள ஓடினார்கள், உன் அம்மாவும்தான். எனக்கு அழுகை வந்தது, துரியோதனனுக்காக. யாரிடமும் சொல்லாதே, சிரிப்பார்கள்.

சரி, உன் நண்பன் ஓட்டல் வைக்க நகையை அடகு வைக்கிறான் என்றாயே. கணக்கைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் தாங்காதுப்பா" என்று என்னிடம் சொன்னாய். அவனிடம் சொல்லிவிட்டாயா?

அன்புடன்,
அப்பா