கதிரை என்றால் இடுப்பாம்

முரசுமோட்டை,
ஆவணி.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. வாட்ஸ்அப்பில் குரல் போடாமல் ஆறு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறாய் என்றால் கோபம் வந்திருக்கிறது என்று உறையைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் நீ அப்படித்தான். கோபம் வந்தால் எழுத்து அழகாகிவிடும்.

முதலில் ஊர்ப் புதினம். சிறுபோகம் வெட்டி முடிகிறது. வழக்கம் போல, வெட்டுகிற நேரம் பார்த்து நெல் விலை இறங்கிவிட்டது. சோளகம் அடிக்கிற அடியில் முற்றத்தில் ஒரு சாரம் காயப்போட ஏலாது, வயலுக்குள் போய்த்தான் பொறுக்க வேண்டும். தங்கச்சி வீட்டில், ஒட்டுசுட்டானில், யானை வந்து இரண்டு தென்னையைச் சரித்துவிட்டது. வெடி கொளுத்தினால் முந்தி ஓடும், இப்போது நின்று பார்த்துவிட்டு ஆறுதலாகப் போகிறதாம். அம்மாவுக்கு எண்பத்துநாலு. காதுதான் மந்தம், வாய் அப்படியே இருக்கிறது.

சரி, இங்கிலாந்தில் ஸ்பானிஷ் பட்டப்படிப்புப் படிக்கிற உன் மகள் சின்னவளின் விசயத்துக்கு வருகிறேன். "பத்து நாள் வைத்துப் புத்தி சொல்லி அனுப்படா என்று விட்டால், நீ அவளோடு சேர்ந்து ஸ்பானிஷ் படித்திருக்கிறாய்" என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். ஆனால் தொடங்கியது நான் இல்லை, அம்மா.

அவள் வந்த இரண்டாம் நாள் காலை. "பிள்ளை, குசினிக்குள்ள பாண் இருக்கு, எடுத்து மேசையில வைச்சிட்டு அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு" என்றார் அம்மா. சின்னவள் பாணைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "ஆச்சி, நீங்கள் அரைவாசி ஸ்பானிஷ் கதைக்கிறீங்கள்" என்றாள். பிறகு கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள். பாணுக்கு 'பான்', மேசைக்கு 'மேசா', அலுமாரிக்கு 'அர்மாரியோ', வாங்குக்கு 'பாங்கோ', குசினிக்கு 'கொசீனா', சப்பாத்துக்கு 'சபாத்தோ'. கடைசிச் சொல்லை ஸ்பெயினில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துத் 'தபாத்தோ' என்பார்களாம். நானும் சும்மா இருக்காமல் தவறணையைக் கேட்டேன். 'தபெர்னா'வாம். உனக்கு அங்கே போனாலும் வழி கேட்கக் கஷ்டம் இருக்காது.

எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள்தான், ஸ்பானிஷ் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆனால் பார், அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த 1619இல் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே ராசா. 1580இலிருந்து 1640 வரை அப்படித்தான் இருந்தது. சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டு போனபோது மேலே இருந்தது ஸ்பெயின்காரன் பிலிப். நாங்கள் படித்த சரித்திரப் புத்தகத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

கதிரை மட்டும் காலை வாரிவிட்டது. போர்த்துக்கீசத்தில் 'கதெய்ரா' கதிரைதான். ஸ்பானிஷில் 'கதேரா' என்றால் இடுப்பாம், கதிரைக்கு வேறு சொல். இதை அம்மாவின் காதுக்குள் கத்திச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் இருக்கிறதுக்குத்தானே" என்றார்.

உன் கடிதத்தில் என்னை உறுத்திய வரி ஒன்று இருக்கிறது. "தமிழே ஒழுங்காகத் தெரியாதவள், மூன்றாம் மொழிக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறாள்" என்ற வரி. மச்சான், அவளுடைய தமிழ்தான் அங்கே அவளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பானிஷில் 'பெரோ' என்று மெல்லிசாகச் சொன்னால் 'ஆனால்' என்று பொருள். அதையே வல்லின றகரமாக உருட்டினால் நாய். அவளோடு படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்த இரண்டு ரகரத்துக்கும் மாதக்கணக்கில் நாக்கைச் சுழற்றுகிறார்களாம். இவள் கரியும் கறியும் கேட்டு வளர்ந்தவள், முதல் கிழமையிலேயே வந்துவிட்டதாம். 'எஸ்பாஞா' என்கிறபோது வருவது எங்கள் ஞகரம். அவர்களுடைய 't' எங்கள் தகரம், இங்கிலீஷ்காரனின் டகரம் இல்லை. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் அங்கேயும் இருக்கிறது, 'தூ' என்றும் 'உஸ்தெத்' என்றும். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும். 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கும். இங்கிலீஷ் பிள்ளை அதை 'நான் பிடிக்கிறேன்' என்று நினைத்துத் தடுமாறும்போது, இவள் 'எனக்கு' என்று நினைத்துக்கொண்டு நேரே போகிறாள். 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. அதே நான்காம் வேற்றுமை. எங்கள் தமிழ் வாத்தியார் கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

இடிக்கிற இடமும் இருக்கிறது. எங்களுக்கு 'இரு' ஒன்று போதும். அவர்களுக்கு 'இருக்கிறது' இரண்டு வகை. ஒன்று ஆளின் தன்மைக்கு, மற்றது நிலைமைக்கும் இடத்துக்கும். அதோடு மேசை பெண், பாண் ஆண். அம்மாவுக்கு இது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை, "அஃறிணைக்கு ஆர் தாலி கட்டுறது" என்று கேட்டார்.

பட்டப்படிப்பு என்றால் இதுதானா, இதை இரவு வகுப்பில் படிக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன். ஏ லெவலில் ஸ்பானிஷ் எடுத்து வந்தவர்கள் ஒரு பிரிவாம், இவளைப் போல எழுத்துக்கூட்டத் தொடங்குகிறவர்கள் இன்னொரு பிரிவாம். கடைசி வருசத்தில் எல்லாருக்கும் ஒரே பரீட்சை. அதனால் முதல் வருசம் முழுக்க முதுகு முறிகிறது. மொழியோடு அந்த நாடுகளின் சரித்திரம், இலக்கியம், சட்டம், சண்டை எல்லாம் படிக்க வேண்டும். அது எதற்கு என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை, என் வாழ்க்கையிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. உனக்கு இதை நான் சொன்னதில்லை.

2010க்குப் பிறகு, சனம் முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனத்துக்கு நான் கொஞ்சக் காலம் மொழிபெயர்த்தேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பெண், தகரக் கொட்டில் வாசலில் நின்று, "இது என்ர சீதனக் காணி, அம்மா என்ர பேரில எழுதினது" என்றார். நான் ஒரு கணமும் யோசிக்காமல் 'டவுரி' என்றேன். வந்த வெள்ளைக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது. புருசன் வீட்டார் கொடுமை செய்தார்களா, இன்னும் கேட்கிறார்களா என்று அந்தப் பக்கமாகவே கேள்விகள் போயின. படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். சீதனம் என்றால் எங்களிடம் பெண்ணின் சொத்து என்பதை, ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த எங்கள் தேசவழமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது என்பதை, அந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இங்கிலீஷ் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற எண்ணம்தான் காரணம். கடைசியில் காணி விபரத்தில் புருசனின் பெயர் ஏறிவிட்டது. அந்த மனுசனோ காணாமல் ஆக்கப்பட்டவர். அதைத் திருத்த அந்தப் பெண் ஒன்றரை வருசம் கந்தோர் கந்தோராக அலைந்தார். எல்லாம் என் ஒரு சொல்லால் வந்தது.

போன மாதம் அதே வசனத்தைப் போனில் மொழிபெயர்ப்புக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நான் அன்று சொன்னதையே சொன்னது. மெஷின் வந்துவிட்டது, இனி இந்தப் படிப்பு எதற்கு என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு இதுதான் என் பதில். சும்மா சொல்லுக்குச் சொல் மாற்றுகிற வேலை போய்விடும், அதில் உன்னோடு எனக்குத் தர்க்கம் இல்லை. அதை மட்டும் நம்பி அவள் இறங்கினால் நானும் தடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு அம்மா இருக்கிறார். மகனை 2009 மேயில் வட்டுவாகலில் ராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்தவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில், பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராட்டம் இருக்கத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இப்போது முழங்கால் விடுவதில்லை, நடப்பது குறைவு. மகன் காணாமல் போனவன் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் உடனே திருத்துவார். "போகேல்ல. ஆக்கினவங்கள்."

சின்னவள் புறப்பட முதல் நாள் பின்னேரம், முறுகண்டியில் வாங்கிய கச்சானோடு அங்கே போயிருந்தோம். அந்த அம்மா திருத்தியதும் இவள் கச்சானை உடைப்பதை நிறுத்திவிட்டாள். ஸ்பானிஷிலும் இந்தச் சண்டை இருக்கிறதாம். 'தெசாபரெசேர்' என்றால் மறைதல், தன்வினை. மறைந்தான் என்று சொல்லலாம், அவனை மறைத்தார்கள் என்று அந்த வினையால் சொல்வது பழைய இலக்கணத்துக்கு ஒவ்வாது. ஆனால் ஆர்ஜென்டினா, சிலி, மெக்சிக்கோ என்று அந்தப் பக்கத்துச் சனம் அதைப் பிறவினையாக்கிவிட்டது. 'லோ தெசாபரெசியெரோன்'. அவனைக் காணாமல் ஆக்கினார்கள். மச்சான், தன்வினை பிறவினைக்கு நாங்கள் வாங்கிய அடி எல்லாம் ஞாபகம் வந்தது. இதற்கு இப்படி ஒரு உதாரணம் இருக்கும் என்று யார் நினைத்தது?

பிறகு அவள் அந்த அம்மாவுக்குத் தன் உடைந்த தமிழில் கதை சொன்னாள். ஆர்ஜென்டினாவில் 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததையும், அடுத்த வருசம் ஏப்ரலில் பதினாலு அம்மாக்கள் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் இருக்கிற மே சதுக்கத்துக்கு வந்ததையும் சொன்னாள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடவுங்கள் என்று பொலிஸ் சொல்ல, அவர்கள் இரண்டிரண்டு பேராகச் சுற்றி நடக்கத் தொடங்கினார்களாம். பிறகு ஒவ்வொரு வியாழனும் நடந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி. முதலில் கட்டியது பிள்ளைக்குக் கட்டுகிற அணைத்துணி.

அந்த அம்மா கேட்டார்: "கிடைச்சுதோ பிள்ளையள்?"

கொஞ்சப் பேரின் எலும்பைத் தோண்டி எடுத்து ஆர் எவர் என்று கண்டுபிடித்தார்கள் என்றாள் இவள். பெற்றோரோடு பிடிபட்டோ சிறையில் பிறந்தோ வேறு வீடுகளில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் நூற்றுமுப்பது பேருக்கு மேல் கிடைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

"இப்பவும் நடக்கிறாங்களோ?"

"ஓம் அம்மா. ஐம்பது வருசம் ஆகப் போகுது."

அந்த அம்மா கச்சான் கோதை மடியிலிருந்து தட்டிவிட்டு, "அப்ப எங்களுக்கு இன்னும் நாள் கிடக்கு" என்றார். திரும்பி வரும்போது சின்னவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூன்றாம் வருசம் வெளிநாட்டில் படிக்க வேண்டும், அதற்கு ஸ்பெயினை விட்டுவிட்டு ஆர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் போகக் கேட்கிறாள் என்றுதானே உனக்கு ஆறு பக்கக் கோபம். ஏன் கேட்கிறாள் என்று இப்போது தெரிகிறதா? அந்த வருசம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் முழுக் கட்டணத்தில் 15 வீதத்துக்கு மேல் அறவிட ஏலாதாம், அதையும் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். நீ கணக்கியல் படி என்று சொன்ன பிள்ளைதான்! "தனியாகப் பெண்பிள்ளை" என்கிறாய். பத்தொன்பது வயதில் நீ எங்கே போனாய்? பெயர் தெரியாத விமான நிலையத்தில், ஒரு சொல்லும் விளங்காமல், பதினொரு நாள் வாங்கில் படுத்துக் கிடந்ததை நீதானே எனக்கு எழுதினாய். இவள் மொழி தெரிந்துகொண்டு, விசாவோடு போகிறாள்.

வேலைக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். 20 நாடுகளில் அரச மொழி, ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று, 2019இல் ஏ லெவல் எடுத்தவர்களின் எண்ணிக்கையில் பிரெஞ்சையும் முந்திவிட்டது. ஆகவே படிப்பிக்கிற வேலையாவது கிடைக்கும். ஸ்பானிஷோடு சட்டத்தையும் சேர்த்துப் படிக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன், கேட்கிறேன் என்றாள். அதற்கு மேல் நான் புத்தி சொல்லவில்லை. அவளோடு கதைத்துப் பார், எழுதாதே. எழுதினால் நீ வாத்தியார் ஆகிவிடுகிறாய்.

யாராவது வந்தால் அம்மாவின் காது மெஷினுக்கு பற்றரி கொடுத்துவிடு, 312 நம்பர், மண்ணிற ஸ்டிக்கர் ஒட்டியது. இங்கே வாங்குவது நாலு நாளில் செத்துப்போகிறது. கடைசிப் பாலைப்பழம் ஒரு போத்தல் சின்னவளிடம் தந்துவிட்டேன், உன்னிடம் வந்து சேர்ந்ததோ, பிளேனிலேயே முடித்துவிட்டாளோ தெரியவில்லை. மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்