சூரியப் புயல் செய்தியில விட்டுப்போனது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சூரியப் புயல் பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வானத்துல இருந்து வர்ற ரேடியோ இரைச்சலை அளக்கற ரியோமீட்டர்ங்கற கருவி பத்தி ஒரு வரிகூட இல்லையே. பால்வெளியில இருந்து எந்நேரமும் ரேடியோ இரைச்சல் வந்துக்கிட்டே இருக்கு, 1930கள்ல கார்ல் ஜான்ஸ்கிங்கற அமெரிக்க இன்ஜினியர் கண்டுபிடிச்சது, அதை இந்தக் கருவியில 30 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல ஆன்டெனா வச்சு ராப்பகலா அளப்பாங்க, சூரியன் அமைதியான நாள்னா 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருதடவை, அதாவது நட்சத்திரங்களை வச்சுப் பார்த்தா பூமி ஒரு சுத்து முடிக்கிற நேரத்துக்கு ஒருதடவை, கிராஃப்ல அதே வளைவு திரும்ப வரும். சூரியன்ல இருந்து எக்ஸ்ரே பாய்ஞ்சா 60-90 கிலோமீட்டர் உயரத்துல எலக்ட்ரான் கூடிப்போய் அந்த இரைச்சலை முழுங்கிடும், கிராஃப்ல கோடு பொசுக்குன்னு இறங்கும். இரைச்சலோட பலம் எத்தனை டெசிபல் குறைஞ்சதுங்கறதுதான் கணக்கு. நாம சிக்னலே அனுப்ப வேணாம், வானமே ஓசி டிரான்ஸ்மிட்டர்! ஷார்ட்வேவ் ரேடியோ திடீர்னு ஊமையாகறதும் இந்த முழுங்கலாலதான். அடுத்த தடவை அந்தக் கிராஃபையாவது போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்