விசிலோடு ஓரமாக நிற்கிற படம்

குலசேகரம்
சிவராத்திரி கழிந்து ஐந்தாம் நாள்

மக்களே,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மா பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏத்தங்காய் சிப்ஸ், மட்டிப்பழம் ஒரு சீப்பு, அடிக்கும் சுளுக்குக்கும் தடவுகிற முறிவெண்ணெய் ஒரு குப்பி. பழத்தின் தோல் கறுத்திருந்தாலும் உள்ளே நன்றாகத்தான் இருக்கும், தூரப் போடாதே. எண்ணெயை நான்தான் வைக்கச் சொன்னேன். விளையாடுகிற பிள்ளையின் கையில் எப்போதும் இருக்க வேண்டியது, அவ்வளவுதான். சிமென்ட் தரையில் குதிக்காதே. புல் ஈரமாக இருந்தாலும் குதிக்காதே.

தம்பி ஒழுங்காகப் படிக்கிறான். பெரியப்பா வீட்டு விஷயம் நீ நினைத்த மாதிரியே முடிந்தது. ரப்பர் மரம் இலை உதிர்த்துவிட்டதால் பால்வெட்டு இல்லை.

சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓட நீ வரவில்லை. பரீட்சை என்றாய், சரி. எட்டு வயதிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை வரை என்கூட ஓடியவள் நீ. சென்னைக்குப் போன பிறகும் போன வருஷம் அனந்தபுரி ரயிலில் நின்றுகொண்டே வந்தாய். இந்த வருஷமும் முன்சிறைத் திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயிலும் ஓடி முடித்தேன். திற்பரப்பு தாண்டியதும் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் பொன்மனை வரைக்கும் கோவிந்தா கோபாலா என்று கூப்பிட எனக்குக் குரல் எழும்பவில்லை. கூட வந்தவர்கள்தான் கூப்பிட்டார்கள்.

நீ தம்பிக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன், டீச்சிங் பிராக்டிஸ் போன பள்ளிக்கூடத்தில் எடுத்தது. நீல டிராக் பேன்ட், கழுத்தில் விசில், எதிரே பிளஸ் ஒன் பிள்ளைகள் நாற்பது பேர். டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன். 1920ல் பக் துரை தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, நந்தனத்தில் இருக்கிறது, என் மகள் அங்கே பி.பி.எட். இரண்டாம் வருஷம் என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். இன்னும் எம்.பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் ஆகலாம் என்றும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நீளம் தாண்டிக் காட்டுவது நீ இல்லை, உன்கூடப் படிக்கிற அந்தப் பெண். நீ ஓரமாக நிற்கிறாய், உடம்பு முழுக்க வலது காலில். இடது குதிகால் தரையில் படவே இல்லை. படம் எடுக்கிற நேரத்தில் அப்படி நின்றிருப்பாய் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். முட்டை தினமும் சாப்பிடு. ஷூவின் அடி தேய்ந்திருந்தால் புதிது வாங்கு, காசு அனுப்புகிறேன். ஈரத் தரையில் குதிக்காதே.

போன விடுமுறையில் நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நீ கோடு போட்டது நினைவிருக்கிறதா? நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம், ஒரு சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் பாதைக்காரி 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு பாதைக்கும் 7.67 கூட வேண்டும் என்றாய். வெளிப்பக்கம் ஓடுகிறவளுக்கு வளைவில் தூரம் கூடுதல், அதை முதலிலேயே கழித்துக் கொடுக்காவிட்டால் அநியாயம் என்று விளக்கினாய். இத்தனை வருஷம் ஓட்டம் பார்த்தவன் நான், எனக்கு அது தெரியாது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ நல்ல டீச்சர் ஆவாய். சுண்ணாம்பும் டேப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே அதைச் சொல்லிக் கொடுத்தாய். வேப்பமரத்தடியில் ஒதுங்குகிற பெரிய பெண்களை மைதானத்துக்குக் கூட்டி வருவதுதான் கஷ்டம் என்றாய் அல்லவா, அவர்களைக் கூட்டி வரவும் பேச்சும் பொறுமையும்தானே வேண்டும். எல்லாவற்றையும் குதித்துக் காட்ட வேண்டும் என்று இல்லை.

பொன்மனைப் பக்கம் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்த பிள்ளை ஒன்று என்று சொன்னேன். பழைய அடியா என்று கேட்டார். வீக்கம் வற்றினாலும் திரும்பும்போது கால்முட்டு வழுகுகிறதா, படி இறங்கப் பயப்படுகிறாளா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தடவிச் சரியாக்குகிற காரியம் இல்லை, உள்ளே நார் அறுந்திருக்கலாம், ஸ்கேன் எடுக்கச் சொல் என்றார்.

பழைய அடியா என்று அவர் கேட்டதுதான் இரண்டு நாளாக மனசில் கிடக்கிறது.

பிளஸ் டூவில் நாகர்கோவிலில் ஓடினாயே, அதற்கு முந்தின நாள் சாயங்காலம். நீளம் தாண்டி மணல் குழியில் இறங்கும்போது டக் என்று சத்தம் கேட்டது என்று அழுதாய். ராத்திரி முட்டு இளநீர்க் காய் மாதிரி வீங்கியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். சர்டிபிகேட் இல்லாவிட்டால் சீட் கிடைக்காது என்று பயம். என் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். பி.டி. சார் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல், சிரித்துக்கொண்டே சொல் என்றேன். நீ அப்படியே சொன்னாய். 400 மீட்டரில் இரண்டாவது வந்தாய். கேலரியில் நின்று நான் அழுதேன், சந்தோஷத்தில். அதற்கப்புறம் ஒரு மாதம் நீ நொண்டியபோது, நடந்தால் சரியாகும் என்றேன். அந்தச் சர்டிபிகேட்டைத்தான் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

வலியை மறைக்க உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான், மக்களே. போனில் நீ ஒன்றுமில்லைப்பா என்று சிரிக்கும்போது நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் எனக்கே திருப்பிச் சொல்கிறாய். நீ சொல்லவில்லையே என்று மூன்று வாரமாக உன்மேல் கோபப்பட்டேன். எனக்கு அந்த உரிமை கிடையாது.

கிழக்கு வரிசையில் நான்கு மரம் பட்டை மரத்துப் போய்ப் பால் நின்றுவிட்டது. ஒன்றுவிட்ட நாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டினால் அப்படித்தான் ஆகும். அது தெரிந்தவன் நான். உன் விஷயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

முன்பு ஒரு வருஷமாக இருந்த படிப்பை இரண்டு வருஷம் ஆக்கியிருக்கிறார்கள். உனக்கு மூன்று வருஷம் ஆனாலும் எனக்குக் குறை இல்லை. சீட்டுப் பணம் எடுத்துவிட்டேன், ஸ்கேனுக்கும் அதற்கு மேலே ஆவதற்கும் போதும். அம்மா முந்திரிப் பருப்பு உடைக்கிற அண்டி ஆபீஸ் விட்டு வந்ததும் இன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடம் சொல்லப் போகிறேன். வேட்டியைக் கிழித்தது உட்பட.

சனிக்கிழமை குழித்துறையில் அனந்தபுரி ஏறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பூர். என்னைக் கூப்பிட வர வேண்டாம், அங்கே படி நிறைய. விடுதிக்கு வழி கேட்டு நானே வந்துவிடுவேன். நீ வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திரு.

அப்பா