விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்

மதிப்பிற்குரிய வன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதக் காற்றில் சரணாலய நடைபாதையில் சாய்ந்த மரத்தைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பாதையை மறித்தது, அறுத்தீர்கள். சரி. ஆனால் ஜேசிபி வந்ததே வந்தது என்று, பாதைக்குச் சம்பந்தமே இல்லாமல் உள்ளே வருடக்கணக்காக மக்கிக் கிடந்த கட்டைகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போனார்களே, அதற்காகத்தான் இந்த மடல்.

கேட்டதற்கு, "இடத்தைச் சுத்தம் செய்கிறோம்" என்று பதில் வந்தது. அந்தச் சுத்தத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூக்கும்போதே ஒரு கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே முழுக்கச் சுரங்கம். முதுகில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்த, கன்னங்கரேலென்ற வண்டுகள். கூடவே வெள்ளைப் புழுக்கள். ஒரு வண்டைக் கையில் எடுத்தால், இறக்கையை உடம்பில் உரசிக் கிறீச்சிட்டது. முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகிற ரகம் இல்லை இது. தாயும் தகப்பனும் மரத்தை மென்று போட, அந்தத் தூளையும் எச்சத்தையும் தின்றுதான் புழு வளரும். புழு கூடு கட்டும் நேரத்திலும் பெரியவை கூட நின்று உதவும். மொத்தக் குடும்பமும் பாதையில் சிதறிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மைனாக்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

"பூச்சி பிடித்த கட்டை, நல்ல மரத்துக்கும் பரவிவிடும்" என்று உங்கள் ஊழியர் ஒருவர் விளக்கினார். மக்கிய மரத்தைத் தின்று வாழும் இந்த வண்டுக்குப் பச்சை மரத்தில் வேலையே இல்லை, ஐயா. அவரையிலும் துவரையிலும் பூவுக்குப் பூ போகும் கருவண்டு (இது வேறு, தேனீ வகை), துளை போட்டுக் குடியிருப்பது காய்ந்த மரத்தில். மரங்கொத்திக்கும் கரடிக்கும் கட்டைக்குள் இருக்கும் புழுவும் கறையானும் தீனி. இதெல்லாம் வனத்துறைக்குத் தெரியாததா?

சட்டமும் தெரியாததல்ல. நம் கூடலூர்க் காட்டு மரங்களை வெட்டியதில் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் செத்த மரம், நோய் கண்ட மரம், காற்றில் விழுந்த மரம், வெள்ளத்தில் அடித்து வந்த கட்டை எதையும் அகற்ற உத்தரவிடக் கூடாது என்பதுதானே? போலந்தின் பியாவோவியெஜா காட்டில் அந்த நாட்டு அரசும் வண்டுத் தொல்லையைக் காரணம் காட்டித்தான் மரம் அறுத்தது. அது தவறு என்று 2018 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செத்த மரத்தை நம்பி வாழும் அபூர்வ வண்டுகளும் அந்த வழக்கில் பேசப்பட்டன.

கட்டைகள் போன இடத்தில் இப்போது என்ன வந்திருக்கிறது? சிமெண்டில் செய்து, மரப்பட்டை மாதிரி பெயிண்ட் அடித்த பெஞ்சு. நிஜக் கட்டையை லாரியில் ஏற்றிவிட்டுப் பொய்க் கட்டைக்கு டெண்டர் விட்டிருக்கிறோம்! பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு ஒரு பென்குயின் குப்பைத்தொட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பென்குயினுக்குக் கிடைத்த இடம் வண்டுக்குக் கிடைக்கவில்லை. தலைச்சுமையாகச் சுள்ளி கொண்டுபோகும் பாட்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி விசாரிப்பவர்கள், அந்த லாரியை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய காரியமில்லை, பணமும் செலவாகாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். பாதையை மறித்தால், மறிக்கும் துண்டை மட்டும் அறுத்து ஓரமாக உருட்டிவிடுங்கள். காட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம். நடைபாதையின் மறுபக்கச் சரிவில் இன்னும் சில பழைய கட்டைகள் மிச்சம் இருக்கின்றன. அடுத்த கட்டப் பணி தொடங்கும் முன், அவற்றைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தக்காரருக்கு எழுத்து மூலம் உத்தரவு கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த உத்தரவின் நகல் ஒன்றைச் சோதனைச் சாவடிப் பலகையிலும் ஒட்டினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து வாசி ஒருவன்