ஆண்டறிக்கை: கல்லறைத் தோட்டத்துக் கற்சிலுவை

தலைவர் அவர்களுக்கும், மேயர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பும் பணமும் பெரும்பாலும் நம் ஓசன்னா சிலுவைக்கே போயின. போகவேண்டியதுதான். மேற்குப் பிரான்சின் சேந்தோஞ், புவாத்து பகுதிகளில் குருத்து ஞாயிறு பவனி இத்தகைய சிலுவையடியில் நின்று ஓசன்னா பாடும். ஏழைபாழைகளுக்குத் தனிக் கல்லறைக்கல் வைக்க வழியில்லாத நூற்றாண்டுகளில், புதைக்கப்பட்ட எல்லோருக்கும் இந்த ஒரே சிலுவைதான் அடையாளம்.

வசந்த காலத்தில் ஏணி போட்டுப் பார்த்தோம். தூணின் நடு இணைப்பில் முன்பு எப்போதோ சிமெண்டு பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரம் குளிரில் உறைந்து, பூச்சின் ஓரமெங்கும் கல்லைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்திருந்தது. விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. கற்களைப் பிணைக்கும் இரும்பு முளையும் துருவேறி உப்பி, தூணைப் பிளக்கத் தொடங்கியிருந்தது.

சிலுவை அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியலில் உள்ள தேவாலயத்துக்கு 500 மீட்டருக்குள் இருப்பதால் அரசுக் கட்டடக்கலைஞரின் இசைவு தேவைப்பட்டது. அது கிடைத்தபின் கல்தச்சர் சிமெண்டைக் கையுளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துருப்பிடிக்காத எஃகு முளை வைத்து, சுண்ணாம்புச் சாந்தால் பூசினார். அரசையும் சமயத்தையும் பிரிக்கும் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, ஊராட்சி இதற்குச் செலவழிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தச் சட்டம் பொது இடத்தில் புதிதாகச் சமயச் சின்னம் எழுப்புவதைத்தான் தடுக்கிறது. ஊருக்குச் சொந்தமான பழைய சிலுவையைப் பராமரிப்பதை அல்ல.

அப்புறம், கறுத்துக் கிடக்கிறதே, பிரஷர் வாஷர் அடிக்கலாமே என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாசியோடு கல்லின் மேல்தோலும் போய்விடும். செயற்கை வேதிக் களைக்கொல்லியும் 2022 ஜூலை முதல் கல்லறைத் தோட்டங்களில் தடை. அடிமேடையைச் சுற்றிக் கையால் களை பிடுங்கிய உறுப்பினர்களுக்கு நன்றி.

கோடையில் ஓனே ஊருக்குப் போய்வந்தோம். உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1998இல் சேர்ந்த தேவாலயத்தின் அருகே, கல்லறைகளுக்கு நடுவே, 15ஆம் நூற்றாண்டு ஓசன்னா சிலுவை நிற்கிறது. பேதுரு, பவுல், யாக்கோபு, யோவான் நால்வரும் தூணைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்தபின் நம் வேலை வீண் என்று யாரும் சொல்லவில்லை.

அடிமேடைப் படிகள் மட்டும் பாக்கி. கல் வாங்கப் பணம் போதாது. சந்தா நிலுவை உள்ளவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டிவிடுங்கள். கணக்கை இனி அவர் வாசிப்பார்.

செயலாளர்