கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தை பிறந்ததும் சித்தி மகளுக்குக் கல்யாணம். மற்றதைப் போனில் சொல்லலாமென்றால் நீ எடுப்பதே இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

புது வேலையைப் பற்றிக் கேட்டால் "ராக்கெட்தாம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். முன்பெல்லாம் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு விளக்குவாய். நம் தெருவில் ராக்கெட் வேலை பார்க்கிற பிள்ளை நீ ஒருத்திதான், எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜெர்மன் ராக்கெட் விஞ்ஞானி ஃபான் பிரவுனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே அவருக்கு விண்வெளிதான் கனவு, உன்னைப் போல. அதற்குப் பணம் கொடுத்தது ஜெர்மன் ராணுவம். பிறந்தது வி-2 ஏவுகணை. 1943 ஆகஸ்டில் அது உருவான பீனமுண்டே தளத்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதும், உற்பத்தியை ஜெர்மனியின் நோர்ட்ஹவுசன் ஊருக்குப் பக்கத்து மலைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். வேலை செய்தவர்கள் ஹிட்லர் ஆட்சியின் டோரா வதைமுகாம் கைதிகள். முதல் சில மாதங்கள் சுரங்கத்துக்குள்ளேயேதான் தூக்கமும். வெடி வைத்த புழுதி, அடுக்கடுக்கான பலகைப் படுக்கை, பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்தான் கழிப்பறை. டோராவிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைபட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் செத்துப்போனார்கள். வி-2 விழுந்து செத்தவர்கள்கூட அவ்வளவு இல்லை.

ஃபான் பிரவுனுக்குத் தெரியாமல் இல்லை, கயல். புக்கன்வால்ட் என்ற இன்னொரு வதைமுகாமுக்குத் தானே போய்த் தொழில் தெரிந்த கைதிகளைப் பார்த்துவைத்ததாக 1944 ஆகஸ்டில் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தச் சுரங்கத்தில் உற்பத்தியைக் கவனித்த ஆர்தர் ருடால்ஃப்தான் பிறகு நாசாவில், நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் திட்டத்துக்கு மேலாளர். சுரங்கத்தில் நடந்ததைப் பற்றி விசாரணை கிளம்பியதும் 1984இல் அமெரிக்காவை விட்டே போனார். நிலவில் மனிதன் நடந்ததைப் பாடம் நடத்தும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். அது பொய்யில்லை. இதுவும் பொய்யில்லை.

நீ கெட்டிக்காரி. யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நீ செய்கிற பாகம் எதில் போய்ப் பொருந்துகிறது என்று கேட்டுக்கொள். வெளியே சொல்லக் கூடாதென்றால் சரி, எனக்குச் சொல்ல வேண்டாம். நீ கேட்டு வைத்துக்கொள்.

நோர்ட்ஹவுசன் உன் ஊரிலிருந்து ரயிலில் போகிற தூரம்தான். சுரங்கத்துக்குள் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். ஒரு சனிக்கிழமை போய்விட்டு வா. உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். வந்ததும் போன் பண்ணு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா